நெல் இல்லாத நினைவு மலர்

வாசகர் கடிதம்:

ஐயா, என் அம்மம்மா காலமாகி இந்த வருடத்தோடு 25 ஆண்டுகள். ஒரு நினைவு மலர் போடுகிறோம். வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். 1954இல் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து தாத்தாவோடு கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு குடியேற்றத் திட்டத்துக்குப் போனவ. 3 ஏக்கர் வயல், 2 ஏக்கர் மேட்டுக்காணி. 1958 மாசியில் அரிவி வெட்டும்போது தாத்தாவைப் புடையன் பாம்பு கடித்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். மூத்தவவுக்கு அப்போது 14 வயது. ஒன்பதாவது பிள்ளை வயிற்றில். அந்த ஒன்பது பேரையும் அம்மம்மா தனி ஒருத்தியாக வளர்த்து ஆளாக்கினா. நான்கு பக்கம் எழுதி, ஊரில் இருக்கும் மூத்த பெரியம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இது என்ர அம்மா இல்லைப் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டா. அதற்குப் பிறகு எடுக்கிறாவே இல்லை. நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கே பிழைத்தேன்? எங்களிடம் இருப்பது காணி அனுமதிப்பத்திரமான பேமிற்றும், 1959 முதல் 1963 வரை கணக்கு எழுதிய ஒரு கொப்பியும்தான். யாருடைய எழுத்து என்று தெரியவில்லை. அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்புகிறேன். பெயரும் ஊரும் போட வேண்டாம்.

— ஒரு பேத்தி, ஸ்காபரோ

பதில்:

அன்பான பிள்ளைக்கு,

நான்கு பக்கத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். பிறகு பென்சிலை எடுத்து எண்ணினேன். 31 வருடம் அரசாங்கக் காணிக் கிளையில் வேலை பார்த்தவனுக்கு எண்ணுகிற வருத்தம் விடாது. 'தியாகம்' 11 இடத்தில் வருகிறது. 'தெய்வம்' ஆறு. 'மெழுகுவர்த்தி' மூன்று. 'வயல்' இரண்டே இடத்தில். 'நெல்' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. நாற்பது வருடம் நெல் விளைத்த மனுசியின் கதை இது.

உங்கள் அம்மம்மாவை நீங்கள் தாயாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கமக்காரி. காடு வெட்டின முதல் தலைமுறைக் கமக்காரி. அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டால் ஒன்பது பிள்ளைகளும் எதைச் சாப்பிட்டு வளர்ந்தார்கள் என்ற கேள்விக்கு 'தியாகத்தை' என்றுதான் பதில் சொல்ல வேண்டி வரும்.

இதில் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. படிவங்களில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆண் வந்தால் 'கமம்' என்று எழுதுவோம். பெண் வந்தால் நானே 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன், எத்தனையோ வருடம். கேட்டுவிட்டு எழுதியதில்லை. சேறு காயாத காலோடு வந்து நின்றவர்களுக்கும் அதையேதான் எழுதினேன்.

சரி, பேமிற்றுக்கு வருவோம். உங்களுக்கு அது பழுத்துப்போன ஒரு தாள். எனக்கு அதுதான் உங்கள் வீட்டு வரலாற்றின் முதல் பக்கம்.

இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. தண்ணீர் இருந்தது, நிலம் இருந்தது, ஆள் போய் இருக்கப் பயந்தது. காரணம் மலேரியா. யானையும் கரடியும் அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்தில் துண்டு துண்டாகிப் போன காணியை நம்பி இருந்த குடும்பங்களை 1930களில் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் தொடங்கினார்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது; உங்கள் கையில் இருக்கிற பேமிற் அந்தச் சட்டத்தின் பிள்ளை. 1946இலிருந்து டி.டி.ரி. நுளம்பு மருந்து அடித்து மலேரியா அடங்கிய பிறகுதான் ஆட்கள் துணிந்து பிள்ளை குட்டியோடு போனார்கள். உங்கள் தாத்தா 1954இல் போனது அந்த அலையில்.

ஆருக்குக் காணி கொடுப்பது என்று காணிக் கச்சேரி வைத்துத் தெரிவுசெய்வார்கள். மரத்துக்குக் கீழே மேசை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பது. சொந்தக் காணி இல்லாதவர், கலியாணம் முடித்தவர், பிள்ளைகள் கூட இருப்பவர் முன்னுக்கு வருவார்கள். நீங்கள் 'ஒன்பது பிள்ளைகள் என்ற பாரம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 1954இல் எத்தனை பிள்ளை என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் குடும்பத்துக்குக் காணி எடுத்துக் கொடுத்திருக்கக்கூடும்.

பேமிற்றின் பின்பக்கத்தைத் திரும்பவும் பாருங்கள். தாத்தாவின் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, அதன் கீழ் அம்மம்மாவின் பெயரும் 'விதவை' என்ற சொல்லும் இருக்கிறது. பக்கத்தில் 1961. தாத்தா செத்தது 1958. நடுவில் மூன்று வருடம் அந்தக் காணியை அம்மம்மா தன் பெயரில் ஒரு எழுத்தும் இல்லாமல் செய்திருக்கிறார். தண்ணீர்க் கூட்டத்துக்கு ஆருடைய பெயரில் போனார்? கூட்டுறவுச் சங்கத்தில் விதை நெல்லுக்குக் கடன் கேட்டபோது ஆர் கையொப்பம் வைத்தது? அந்த மூன்று வருடத்தில் "பொம்பிளை என்னெண்டு கமம் செய்யப் போறா, காணியை விட்டிட்டு ஊருக்குப் போங்கோ" என்று சொந்தத்துக்குள் சொன்னவர்கள் உண்டா? பேமிற் காணியை விற்கவும் முடியாது, பூட்டிவிட்டுத் திரும்பிப் போனால் பறிபோகும். அவர் ஏன் திரும்பிப் போகவில்லை என்பது உங்கள் நான்கு பக்கத்தில் இல்லை. 'மனவுறுதி' என்று ஒரு சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள்.

இனிக் கொப்பி. பிள்ளை, உங்களிடம் இருப்பது பொன். போர் நடந்த 1995க்கும் 2009க்கும் இடையில் வன்னியில் இருந்த ஒரு வீட்டுக் கணக்குக் கொப்பி தப்பி இருக்கிறதென்றால் அதைக் கையில் வைத்திருந்தவர் சும்மா ஆள் இல்லை. நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து ஒரு பிரதி வேறு இடத்தில் வையுங்கள்.

1960 காலபோகத்துக்கு, அதாவது மாரிமழைச் செய்கைக்கு, நேரே '84 புசல்' என்று இருக்கிறது. கீழே 'விதைக்கு 6', 'வெட்டுக்கூலி 9', 'சங்கம் 40'. நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. குற்றினால் 14 கிலோ அரிசி தேறும். விதையும் கூலியும் போக மிச்சம் 69 புசல். அவ்வளவையும் வீட்டில் வைத்திருந்தால் பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அரிசி வரும். பெரிய மிச்சமும் இல்லை, பட்டினியும் இல்லை. ஆனால் அவர் 40 புசலைச் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நாளில் அரசின் உத்தரவாத விலை புசலுக்கு 12 ரூபா. 480 ரூபா. அதன் பிறகு வீட்டில் இருந்தது 29 புசல், நாளொன்றுக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். பத்து வயிற்றுக்கு.

அப்படியென்றால் மிச்சத்துக்கு என்ன சாப்பிட்டார்கள்? நெல்லை 12 ரூபாவுக்குச் சங்கத்தில் போட்டுவிட்டுக் பங்கீட்டுக் கூப்பனுக்கு மலிவு அரிசி எடுத்துச் சமைத்த கமக்காரக் குடும்பங்கள் உண்டு. மேட்டுக்காணியில் குரக்கன், பயறு, மரவள்ளி போட்டிருப்பார்கள். ஒடியல் ஊரிலிருந்து வந்திருக்கும். கொப்பியில் 'ஆடு 2 வித்தது' என்று மூன்று இடத்தில் இருக்கிறது. அந்த 480 ரூபா எங்கே போனது என்பதும் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது: மாட்டுக்காரனுக்கு உழவுக் கூலி, மண்வெட்டி, துணி, ஒரு இடத்தில் 'கொப்பி பென்சில்'. இதில் ஒரு வரியை எடுத்து மலரில் போட்டால், 'வறுமையிலும் செம்மை' என்று நீங்கள் எழுதிய பந்தி முழுவதையும் வெட்டிவிடலாம்.

கோடைச் செய்கையான சிறுபோகத்துக்கு 1960இலும் 61இலும் ஒன்றும் எழுதவில்லை, கவனித்தீர்களா? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். தண்ணீர் காணாத வருடமா, இல்லை அவருடைய வயலுக்குப் பங்கு கிடைக்கவில்லையா? பங்கு கிடைக்கவில்லையென்றால் ஏன்? கூட்டத்தில் எழும்பிக் கதைக்க அந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்பதாலா? எனக்கும் அறிய ஆசையாக இருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. பெரியம்மா ஏன் ஃபோனை வைத்தா?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: 'தனி ஒருத்தியாக'. இதே சொல் மலரில் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் வருகிறது. 14 வயதுப் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்தது. தாய் விடியப்புறம் வயலுக்குப் போனால் உலை வைத்தது ஆர்? கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டை மாற்றிக் கட்டியது ஆர்? தாய் பிள்ளைப்பேற்றோடு கிடந்த 1958 ஆனி, ஆடி மாதங்களில் ஏழு பேருக்குச் சோறு போட்டது ஆர்? எண்பது வயதில் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, தன் இளமை முழுவதும் 'தனி ஒருத்தியாக' என்ற ஒரு சொல்லுக்குள் காணாமல் போவதைக் கேட்டிருக்கிறா. வைக்காமல் என்ன செய்வா?

இலங்கையில் இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது. பெரியம்மா பள்ளிக்கூடம் போகாமல் நின்றதற்குக் காசு காரணம் இல்லை. கை தேவைப்பட்டது. தம்பிமார், தங்கைமார் படித்து உத்தியோகத்துக்குப் போனதை நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், பட்டத்தோடும் பதவியோடும். மூத்தவவுக்கு ஒரு வரி: 'குடும்பப் பொறுப்பில் அம்மாவுக்கு உதவியாக இருந்தார்.' நான் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கொப்பியில் இருக்கிற எழுத்து ஆருடையது என்று தெரியவில்லை என்கிறீர்கள். 1959இல் அந்த வீட்டில் 15 வயதுப் பிள்ளை ஒன்றுதான் வளர்ந்த பிள்ளை. அடுத்தவருக்கு 12. எழுத்து வட்டமாக, வரி பிசகாமல், கூட்டல் ஒரு இடத்திலும் பிழைக்காமல் இருக்கிறது. நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நீங்கள் இதுவரைக்கும் அவவிடம் கேட்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

இதற்காக அம்மம்மாவைக் கூண்டில் ஏற்றி, மூத்த மகளின் வாழ்க்கையைப் பறித்தவர் என்று எழுதச் சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் அப்படியும் எழுதுகிறார்கள். அதுவும் 'தெய்வம்' என்று எழுதுகிற அதே சோம்பல்தான். மனுசியைப் பாராமல் தீர்ப்பு எழுதுவது. என்ன நடந்தது என்று எழுதுங்கள். இத்தனை வயதில் பள்ளிக்கூடத்தால் நின்றா, இன்ன வேலை செய்தா, இத்தனை வருடம். தாயும் மகளும் சேர்ந்து செய்த கமம் அது.

பெரியம்மாவிடம் எப்படிக் கேட்பது? "அம்மம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே பதில்தான் வரும்: "தங்கமான மனுசி." வேலையைக் கேளுங்கள். முறைத் தண்ணீர் பகலில் வந்ததா, இரவிலா? இரவில் என்றால் மடை திறக்க ஆர் போனது, துணைக்கு ஆர்? விதவை ஒருத்தி சாமத்தில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நடந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்ன கதைத்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியும். பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் ஆர் படுத்தது? சூடு அடிக்க மாடு ஆருடையது? தாத்தாவைக் கடித்த அதே வயலில் அடுத்த வருடம் அரிவி வெட்டத் தாய் இறங்கினபோது அவ பக்கத்தில் நின்றாவா?

தைப்பூசத்தில் புதுநெல் எடுக்கிற புதிர்ச் சடங்கைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். முதல் கதிர் அறுக்கிறது மங்கல காரியம். விதவையை அதற்கு விடமாட்டார்கள். விதைத்தது, களை பிடுங்கினது, தண்ணி கட்டினது எல்லாம் அவர். புதிர் எடுக்க மட்டும் அவருக்கு உரிமை இல்லை. அந்த முதல் தையில் ஆர் எடுத்தது? மூத்த மாமாவுக்கு அப்போது எட்டு ஒன்பது வயதுதான். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தகத்தைக் கையில் கொடுத்தார்களா, அல்லது அம்மம்மா ஊரைப் பார்க்காமல் தானே அறுத்தாரா? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கிற பதில் எதுவாக இருந்தாலும் மலரில் அதற்கு அரைப் பக்கம் விடுங்கள்.

வருடம் கேட்டால் வயதானவர்களுக்கு வராது. 64 புயலுக்கு முன்னமா பின்னமா என்று கேளுங்கள். மார்கழியில் தனுஷ்கோடியை அழித்த அதே புயல் வன்னிக்குள்ளாலும்தான் போனது. 'மிளகாய்க் காலம்' என்று கேளுங்கள். 1970க்கும் 77க்கும் இடையில் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் அரசு மறித்ததில் வன்னிக் கமக்காரர் முதல் முறையாகக் காசைக் கண்டார்கள். உங்கள் வீட்டுக் கல்வீடு எப்போது கட்டியது? சின்ன மாமா வெளிநாடு போன காசு எங்கிருந்து வந்தது? அந்த 2 ஏக்கர் மேட்டுக்காணியில் என்று நான் நினைக்கிறேன். 77க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டபோது விலை விழுந்த கதையும் கூடவே வரும்.

கடைசியாக ஒரு சங்கடமான விசயம். பேமிற்றின் அடுத்த பதிவில் மூத்த மாமாவின் பெயர் இருக்கிறது. நீங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் ஊகிக்கிறது சரியென்றால் உங்கள் வீட்டில் அது இன்னும் ஆறாத புண். சட்டப்படி நடந்தது அது. பேமிற் காணியைத் துண்டுபோட முடியாது, ஒருவருக்குத்தான் போகும். பின்னுரித்தாளியை, அதாவது அடுத்து காணி ஆருக்கு என்பதை, பெயர் குறிக்காமல் விட்டால், சட்டத்தில் இருந்த வரிசையில் ஆண் பிள்ளைக்குப் பிறகுதான் பெண் பிள்ளை. 2022இல்தான் அந்த வரிசையைத் திருத்தினார்கள். அந்தக் காணியில் அதிகம் வேலை செய்த மகளுக்கு அதில் ஒரு பரப்பும் இல்லை. நினைவு மலர் காணிச் சண்டைக்கு இடம் இல்லை. பந்தி பந்தியாக எழுதத் தேவையில்லை. ஆனால் 'காணி மூத்த மகனுக்குச் சென்றது' என்று ஒரு நேரான வசனம் இருக்கட்டும். மாமா உயிரோடு இருந்தால் அச்சுக்குக் கொடுக்க முன்னம் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒளித்து எழுதினால் பெரியம்மா மறுபடி ஃபோனை வைப்பா, குத்தி எழுதினால் மாமா அன்னதானத்துக்கே வரமாட்டார்.

மற்ற ஆவணங்களுக்குப் பெரிதாக அலைய வேண்டாம். பேமிற் இலக்கத்தோடு பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு ஒருவரை அனுப்பிப் பாருங்கள். பழைய இடாப்பு (பதிவேடு) தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் சேர்வு இடாப்பும் அப்படித்தான். மலர் அச்சானதும் 'நூலகம்' என்ற இணையத்தளத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நினைவு மலர்களையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள். அங்கே போனால் மற்றவர்கள் போட்ட மலர்களையும் பார்க்கலாம். பெரும்பாலானவை உங்கள் முதல் நான்கு பக்கம் மாதிரியே இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவாரமும் திருவாசகமும் போடுங்கள். ஆரோ எழுதித் தருகிற வெண்பாவைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

பெரியம்மாவுக்குத் திரும்ப எடுக்கிறபோது மன்னிப்புக் கேட்டுத் தொடங்க வேண்டாம், அவவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் போகும். அங்கே பின்னேரம், சாமி கும்பிட முன்னம் எடுங்கள். நீங்கள் எழுதிய தாளைத் தூர வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அவ கதைக்கத் தொடங்கினால் நடுவில் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அந்த வருடம் விதைத்தது மொட்டைக்கறுப்பனா, பச்சைப்பெருமாளா? எச்-4 என்ற புது நெல்லினம் எப்போது வந்தது?

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 11ஆம் பக்கத்தில் தொடங்குங்கள். '1961 பங்குனி, பயறு 4 கொத்து' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒருவரின் பெயரை மை ஊறும்வரை வெட்டியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அது ஆர், கடனை ஏன் வெட்டினது என்று கேளுங்கள்.